சக்கரமில்லா வண்டிக்கு எலுமிச்சம்பழம்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வானம் தெளிவாக இருந்தது. பத்து மணியளவில் நமுனுகுல மலையின் உச்சியை முகில் மூடிற்று. நண்பகலுக்குப் பின்னர் பதுளை நகரில் தூறல் ஆரம்பித்து, நின்றும் பெய்தும், குடையை விரிப்பதா மடிப்பதா என்று மனிதரைத் தீர்மானிக்க விடாத வகையில் நடந்துகொண்டது.

அன்றைய தினம் பிற்பகல் இரண்டு மணிக்கு, கந்தப்பன் என்னும் பெயருடையவனும், அறுபத்து மூன்று வயதினனும், முப்பத்தொரு வருட காலம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியைச் செலுத்தியவனுமாகிய நான், கி.பி. 2190ஆம் ஆண்டில் நடைபெறும் ஒரு போரில் பங்குபற்றும் பொருட்டு, பதுளைக் கடைவீதியில் ஒரு தொலைபேசிக் கடையின் மேல்மாடிக்குப் படியேறினேன்.

இவ்விடத்தில் காரணத்தைக் கூறுதல் அவசியமாகும்.

ஓய்வு பெற்ற பின்னர் நான் ஒரு முச்சக்கர வண்டி வைத்திருந்தேன். அதன் நிறம் சிவப்பு. செப்டம்பர் மாதக் கடைசியில், எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி முடக்கில், அதாவது வளைவில், அவ்வண்டி பாதையோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிற்று. அவ்வேளையில் வண்டிக்குள் இருந்தவை நானும் ஒரு மூட்டைக் கோவாவும் (முட்டைக்கோசும்) ஆகும். எனக்குக் காயமில்லை. கோவாக்களுள் மூன்று மட்டும் உருண்டோடிப் பிடிபடாமல் போயின. அந்தக் கான் முன்னர் அவ்வளவு அகலமாக இருந்ததில்லை என்பது எனது கருத்து. என் மகள் தயானியின் கருத்து வேறு. தயானி ஆஸ்பத்திரித் தாதி. ஊசி போடும்போது அவள் ஒரு தடவைதான் குத்துவாள்; கருத்துக் கூறும்போதும் அவ்வாறே.

"அப்பா, ஒங்க கண்ணு பழைய கண்ணு இல்ல. கையும் பழைய கை இல்ல. சாவியக் குடுங்க."

கொடுத்தேன். அவள் அதைத் தனது கைப்பையில் இட்டு, பையின் வாயை இழுத்து மூடினாள். அதன்பின் மூன்று வாரங்களாக நான் வீட்டில் இருந்தேன். வெங்காயம் உரித்தேன். மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பாயை இடம் மாற்றி வைத்தேன். பின்னர் பழைய இடத்திலேயே வைத்தேன். என் மனைவி ஜீவராணி ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீங்க இப்புடி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா கோழி கூட முட்ட போட வெக்கப்படுதுங்க" என்றாள். இவ்வாறிருக்கையில், பண்டாரவளையில் மரக்கறி வியாபாரம் செய்பவரும், நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று அழைப்பவருமாகிய முன்ஸிப் வண்டியை வாங்குவதாகத் தயானிக்குச் சொல்லியனுப்பினார். ஒக்டோபர் 20ஆம் திகதி மாலை ஐந்து மணிக்குப் பதுளைக்கு வந்து வண்டியைக் கொண்டுசெல்வதாக முடிவாயிற்று. மிகுதி வாழ்நாளை வெங்காயத்துடன் கழிக்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது.

அப்பொழுது எனக்காகப் பேசியவர் என் மருமகன், தயானியின் கணவர் தினேஸ். அவர் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்பவர், சாதுவானவர். அவரிடத்தே உள்ள ஒரே ஒரு குறை, 'நியோன் தண்டர் 2190' என்னும் வீடியோ விளையாட்டு. அவ்விளையாட்டில் வண்டிகள் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மிதந்தவாறு, ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு பந்தயம் ஓடும்.

"தயா, மாமாவுக்குக் கண்ணும் கையும் சரியில்லன்னு தான சொல்ற? ஞாயித்துக்கெழம காமில் கடையில போட்டி இருக்கு. அதுல ஓடுற வேகத்துக்கு முழிச்சிக்கிட்டு இருக்கிறவனுக்கே கண்ணு கட்டும். மாமா அதுல மொத மூணு எடத்துக்குள்ள வந்துட்டா சாவியக் குடுத்துரு. வரலன்னா முன்ஸிப் நானா கொண்டுபோகட்டும்."

தயானி கணக்குப் போட்டாள். தினேஸ் இரண்டு வருடங்களாக அதை விளையாடுகிறார். ஒரு தடவையேனும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்ததில்லை. இந்த உண்மை அவளுக்குத் தெரியும்.

"சரி" என்றாள். "மூணாவது எடம். நாலாவது வந்தா அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

இதுவே காரணம்.

அந்த மேல்மாடியில் இருந்த காமில் என்பவரின் விளையாட்டுக் கூடம் நீளமான ஓர் அறை. கூரை தகரம். மூன்று பெரிய தொலைக்காட்சிகளுக்கு முன்னால், விபத்தில் சிக்கிய ஒரு வேனிலிருந்து கழற்றிய ஆசனங்கள் இரண்டிரண்டாகப் போடப்பட்டிருந்தன. ஆசனங்களில் பாதுகாப்புப் பட்டிகளும் இருந்தன. நான் அமர்ந்தவுடன் பட்டியை மாட்டினேன். அங்கிருந்தவர்களுள் அதை மாட்டியவன் நான் ஒருவனே.

காமில் கையில் ஒரு துணியுடன் நின்று, ரிமோட்டுகளைக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை றின்ஸா போன வருடத்து வெற்றியாளர். அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்ப்பவள், அமைதியானவள். பர்ஹான் என்னும் இளைஞனோ அதற்கு மாறானவன். அவன் ஒரு வங்கியில் கடன் பகுதியில் இருந்தபடியால், பிறரைப் பதற்றப்படுத்துதல் அவனுக்குத் தொழிலாகவும் இருந்தது.

"ஐயா, ரேஸ் ஓடவா வந்தீங்க? பேரப்பிள்ளையக் கூட்டிப் போக வந்தீங்கன்னு நெனச்சன்" என்றான் பர்ஹான்.

"மொதல்ல ஓடுவோம் தம்பி. அப்பறம் யார யாரு கூட்டிப் போறதுன்னு பாப்போம்" என்றேன்.

போட்டியின் விதி யாதெனில், ஓர் அணிக்கு இருவர். ஒருவர் வண்டியைச் செலுத்த வேண்டும். மற்றவர் ஆயுதங்களைக் கையாள வேண்டும். ஆறு அணிகள். மூன்று சுற்றுகள். எங்கள் அணியில் நான் சாரதி, தினேஸ் துப்பாக்கி. தயானி மேற்பார்வையாளராகச் சுவரோரம் ஒரு கதிரையில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்திருந்தாள். சாவி அதனுள் இருந்தது. வண்டி கீழே தெருவில், மழையில் நின்றது. முன்ஸிப் அவர்களிடம் ஒப்படைப்பதற்காகத் தினேஸ் அதைத் தோட்டத்திலிருந்து ஓட்டி வந்திருந்தார்.

எங்களுக்கு உரிய வண்டி திரையில் தோன்றிற்று. நீல நிறம்; மீனின் வடிவம். அதைச் சுழற்றிக் காட்டும்படி காமிலிடம் கேட்டு, முன்புறம், பின்புறம், அடிப்புறம் ஆகியவற்றைப் பார்வையிட்டேன்.

"சக்கரம் எங்க தம்பி?"

"சக்கரம் இல்ல ஐயா. இது காத்துல மெதக்கிற வண்டி."

"அப்ப கான்ல எறங்காது?"

"கானே இல்ல ஐயா அந்த ஊர்ல."

சுவரோரத்திலிருந்து தயானியின் குரல் வந்தது: "அப்பா நெனச்சா கான் வெட்டிட்டு எறங்குவாரு."

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் மனம் வேறொரு பிரச்சினையில் ஆழ்ந்திருந்தது. ஒரு புதிய வண்டியை முதன்முதலாக எடுக்கும்போது, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்து, அவற்றின் மேல் வண்டியை ஏற்றி நசுக்கிய பின்னரே புறப்படுதல் எங்கள் வழக்கம். முப்பத்தொரு வருடங்களில் நான் கைக்கொண்ட எந்த வண்டியும் பழம் நசுக்காமல் நகர்ந்ததில்லை. ஆகவே ஜீவராணி காலையிலேயே நான்கு பழங்களைப் பொதிசெய்து தந்திருந்தாள். இப்பொழுது பழம் இருந்தது, சக்கரம் இல்லை.

நான் பழங்களை வெளியே எடுத்தேன்.

"என்ன ஐயா இது, தேசிக்காத் தண்ணி போடவா?" என்று காமில் கேட்டார்.

நான் விளக்கினேன். காமில் மரியாதை உள்ளவர். அவர் சிரிக்கவில்லை, தலையைச் சொறிந்தார்.

"ஐயா, டீவிக்கு அடியில வச்சி நசுக்க ஏலா. அது அம்பத்தஞ்சு இஞ்சு."

"மெதக்கிற வண்டிதானே ஐயா? பழத்தையும் மெதக்க விடுங்க" என்றான் பர்ஹான்.

"நீ வாயப் பொத்து" என்றாள் றின்ஸா. "அவங்கட சம்பிரதாயம். நானா, ஏதாச்சும் ஒரு வழி பாருங்க."

"இல்லாம ஓட முடியாதாப்பா?" என்றாள் தயானி.

"சடங்கு செய்யாம எடுத்துத் தோத்தா, தோத்தது வண்டியா நானான்னு தெரியாமப் போயிரும்" என்றேன்.

தினேஸ் ஒரு பழத்தைத் திரையில் தெரிந்த வண்டியின் அடிப்பாகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அது பொருத்தமாக இல்லை. ஆசனத்தின் கீழே வைக்கலாம் என்றார் ஒருவர். ஆசனம் ஏற்கெனவே விபத்துக்குள்ளான வேனுடையது, அதற்குச் செய்ய வேண்டிய சடங்கு வேறு என்றேன். இறுதியில் உண்மை எனக்குப் புலப்பட்டது. வண்டியை ஓடச் செய்வது எது? ரிமோட். ஆகவே ரிமோட்டே இவ்வண்டியின் சக்கரம் எனலாம். அதன் கீழே பழத்தை வைத்து அழுத்தினால் வழக்கம் பூர்த்தியாகும்.

காமில் கண்களை மூடித் திறந்தார். பின்னர் ரிமோட்டை ஒரு சொப்பிங் பையினுள் இட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, ஒரு முக்காலியின் மேல் வைத்தார். நான் பழத்தைக் கீழே வைத்து, கிழக்கு நோக்கி நின்று, உள்ளங்கையால் அழுத்தினேன். பழம் நசுங்கவில்லை. அது எங்கள் வீட்டு மரத்துப் பழம், தோல் தடித்தது. மேலும் அழுத்தினேன்.

"நசுங்கிருச்சா மாமா?" என்று தினேஸ் குனிந்து பார்த்தார்.

அக்கணமே பழம் வெடித்தது.

ரிமோட்டுக்குப் பாதுகாப்பு அளித்த காமில், என் மருமகனுக்கு அளிக்கத் தவறியிருந்தார். தினேஸ் இரு கண்களையும் பொத்திக்கொண்டு, "ஐயோ, ரெண்டும்! ரெண்டும் மாமா!" என்று கத்தினார். தயானி எழுந்து வந்தாள். அவரது தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு போத்தல் தண்ணீரையும் கண்களில் ஊற்றிக் கழுவினாள். கைப்பையிலிருந்து துணி எடுத்துக் கட்டினாள். கட்டும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கு வருணிக்க விரும்பவில்லை.

"ரெண்டு மணித்தியாலம் கண்ணத் தொறக்கக் கூடாது" என்றாள்.

அப்பொழுது நேரம் இரண்டு மணி ஐம்பது. போட்டி மூன்று மணிக்கு. காமில் மிகுந்த கவலையுடன் விதியை நினைவுபடுத்தினார்: "ஐயா, ரெண்டு பேர் வேணும். ஒரு ஆள் இல்லாட்டி டீம் வெளிய போகும்."

வேறு எவரும் இல்லை. வந்திருந்தவர்கள் அனைவரும் சோடியாகவே வந்திருந்தனர். நான் தயானியைப் பார்த்தேன்.

"என்னயப் பாக்காதீங்க. நீங்க தோக்கணும்னு வந்து ஒக்காந்திருக்கிறவ நான்."

"தயா" என்றார் தினேஸ், கட்டுக்கு உள்ளிருந்து. "நீ சும்மா புடிச்சிக்கிட்டு இரு. போதும்."

தயானி சுவரைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இப்ப இவரு ஓடாமப் போனா, 'ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்'னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. யாரு கேக்குறது? ஓடியே தோக்கட்டும்." அவள் வந்து என் அருகில் அமர்ந்து, பையை மடியில் இருத்தி, இரண்டாவது ரிமோட்டைக் கையில் எடுத்தாள். "ஆனா நான் ஒண்ணும் அமுக்க மாட்டேன்."

சரியாக மூன்று மணிக்குப் போட்டி ஆரம்பமாயிற்று.

பாதையின் பெயர் பளிங்கு மலை. அதில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். மற்றவர்களுக்கு அது எதிர்காலம். எனக்கு அது பசறைப் பாதையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. எனினும் புறப்படும்போதே எல்லோரும் புகையைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்துவிட்டனர். எந்த வண்டியையும் அது பழகும் வரைக்கும் மெதுவாகவே எடுக்க வேண்டும் என்பது என் கொள்கையாதலால், நான் ஆறாவதாக, அதாவது கடைசியாக, சென்றேன். முன்னால் சென்றவர்கள் வேகத்தில் மலையில் மோதினர். மோதி எழுந்து மீண்டும் மோதினர். கொழுந்து ஏற்றிய லொறியை வளைவில் எவ்வாறு திருப்ப வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. நான் அகலமாக எடுத்து, உள்ளே ஒடித்து, ஒருவரைத் தாண்டினேன்.

பர்ஹான் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து எனக்குப் பின்னால் வந்தான். எனது வண்டியின் பின்புறத்தில் ஒரு குண்டு விழுந்தது. திரை அதிர்ந்தது.

"என்ன ஐயா, லோட் கூடவா? ஆடி ஆடிப் போகுது!"

அவ்வேளையில் ஒரு பயங்கரமான உண்மையை நான் உணர்ந்தேன். அந்தப் பாதையில் பதினான்கு வளைவுகள் இருந்தும், ஒன்றிலேனும் எவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எதிரே எது வருகிறது என்று தெரியாத வளைவில், ஒலி எழுப்பாமல் திரும்புதல் எங்கள் மலைகளில் கொலைக்குச் சமம்.

"மக, முடக்கு வருது! ஹோர்ன் அடி!"

"எதுப்பா ஹோர்ன்?"

"செவப்பு பட்டன் ஒண்ணு இருக்குல்ல! அதாத்தான் இருக்கும்!"

மலைப்பாதையில் பயணித்து வளர்ந்தவர்கள், "முடக்கு" என்ற சொல்லைக் கேட்டவுடன் யோசிக்க மாட்டார்கள். தயானியின் பெருவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்திற்று. எங்கள் வண்டியிலிருந்து ஒரு ராக்கெட் புறப்பட்டு, வளைவைச் சுற்றிக்கொண்டு போய், அப்புறத்தில் ஒளித்து நின்ற ஒரு வண்டியைத் தூக்கி எறிந்தது.

"ஐயையோ, மன்னிச்சிருங்க தம்பி!" என்றாள் தயானி அந்த வண்டிக்காரரைப் பார்த்து. "நான் ஹோர்ன்தான் அடிச்சேன்!"

அறை முழுவதும் சிரித்தது. கண்கட்டுடன் இருந்த தினேஸ், "என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று கெஞ்சினார். காமில் அவர் அருகில் அமர்ந்து, கிரிக்கெட் வருணனை போலச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த வளைவிலும் நான் "ஹோர்ன்!" என்றேன். அடுத்ததிலும் அவ்வாறே. அது ஹோர்ன் அல்ல என்பதை நான் அப்பொழுதே விளங்கிக்கொண்டேன். ஆனாலும் வளைவில் அவ்வாறு கூறாதிருக்க என் வாயால் முடியவில்லை. அழுத்தாதிருக்க அவள் விரலாலும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் பாதாளத்தில் விழுந்தனர். ஒவ்வொரு தடவையும் தயானி "சொரி" என்றாள். இரண்டாம் சுற்றின் நடுவில் நாங்கள் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டோம்.

பர்ஹானுக்கு இது பொறுக்கவில்லை. அவன் எங்களைக் கடந்து மூன்றாவதாக முன்னேறியவாறே திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, ஒங்கட அப்பா கோவா மூட்டையோட கான்ல கெடந்த கதய தினேஸ் சொன்னாரு. அவரு அங்கயே கெடந்திரிக்கலாம்!"

அறையில் சிரிப்பு எழுந்தது. தயானி சிரிக்கவில்லை. என்னைக் குறை கூறும் உரிமை தயானிக்கு மட்டுமே உண்டு. அதை அவள் எவருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

"தினேஸ்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நோயாளரின் படுக்கை இலக்கத்தைக் கேட்கும் குரல் அது. "எந்தப் பட்டன் எதுக்கு?"

"முக்கோணம் கண்ணிவெடி. வட்டம் கேடயம். சதுரம்..."

"போதும்."

அதன்பின் அவள் "சொரி" கூறவில்லை. பர்ஹான் போகும் வழியில், அவன் திரும்புவதற்கு முன்னரே அவன் திரும்பப்போகும் இடத்தில் குண்டு விழுந்தது. அவன் கண்ணிவெடி போட்டால், அது வெடிப்பதற்குள் எங்களுக்குக் கேடயம் வந்துவிட்டது. நரம்பு எங்கே இருக்கிறது என்று தோலின் மேலாகவே அறிந்து கொள்பவள் அவள். ஒரு தடவைதான் குத்தினாள். நானோ வண்டியை அவளுக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். தகரத்தில் மழை பலமாகப் பெய்யத் தொடங்கியது. அந்த இரைச்சலில் பர்ஹான், "அக்கா, போதும் அக்கா! வேற ஆக்களும் இரிக்கி தானே!" என்று கத்தியது அரைகுறையாகவே கேட்டது.

இருந்தும், அவன் திறமைசாலி. விழுந்தவன் எழுந்து, மூன்றாம் சுற்றின் கடைசி வளைவில் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டான். றின்ஸா ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டாள். இரண்டாவது வண்டியும் தாண்டிற்று. மூன்றாவது பர்ஹான். நான்காவது நாங்கள். முன்னால் நேரான பாதை; அதன் முடிவில் வெள்ளைக் கோடு. எங்களிடம் எஞ்சியிருந்தது ஒரேயொரு ராக்கெட்.

தயானியின் பெருவிரல் அசையவில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை; சாரதி பாதையிலிருந்து கண்ணை எடுக்கலாகாது. ஆயினும் அவள் திரையைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த பையைப் பார்க்கிறாள் என்பதை உணர்ந்தேன். சுட்டால் சாவி எனக்கு. சுடாவிட்டால் முன்ஸிப்புக்கு. அவள் எந்த முடிவுடன் அங்கு வந்தாளோ, அந்த முடிவு அவள் விரலை அசைக்காமலே கைகூட இருந்தது.

"அப்பா."

"என்னா மக."

"இங்க முடக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"ஹோர்ன் அடிக்க ஒரு காரணமும் இல்ல."

"இல்லதான்."

மூன்று வாரங்களாகச் சொல்ல வேண்டியவை எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. வெங்காயத்திடம் கூடச் சொல்லியிருந்தேன்.

அவள் அழுத்தினாள்.

பர்ஹானின் வண்டி மூன்று முறை சுழன்று, எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது. நாங்கள் அவனை விலத்திக்கொண்டு, அவசரப்படாமல், வேக எல்லைக்கு உட்பட்டே கோட்டைக் கடந்தோம். மூன்றாம் இடம்.

காமில் துணியை மேலே எறிந்து பிடித்தார். தினேஸ் எழுந்து, கட்டிப்பிடிக்க என்னைத் தேடி, வேறு யாரையோ கட்டிப்பிடித்தார். பர்ஹான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் தயானியிடம் வந்தான்.

"அக்கா, நீங்க எந்த வாட்டுல?"

"ஏன்?"

"நோய் வந்தா அந்த வாட்டுக்கு மட்டும் வராம இரிக்கத்தான்."

"வந்தா வாங்க" என்றாள் தயானி. "ஒரு தடவதான் குத்துவேன்."

தினேஸ் சத்தம் வந்த திசைக்குத் திரும்பினார். "தயா, கடைசிக் குண்டு நீ வேணும்னே சுட்டதா?"

"கை வழுக்கிருச்சு."

அவள் கை வழுக்கியதாக அதற்கு முன்னர் எவரும் கேள்விப்பட்டதில்லை. அவள் பையின் வாயைத் திறந்து, சாவியை எடுத்தாள். உடனே தரவில்லை.

"செவ்வாக்கெழம கண்ணு டெஸ்ட். நானே கூட்டிட்டுப் போவேன். பனி மூடுனா ஓடக் கூடாது. ஆறு மணிக்கு அப்பறம் ஓடக் கூடாது. இதுல எதாச்சும் ஒண்ணு தப்புனா..."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

மூன்றையும் வாயைத் திறந்து சொன்னேன். சாவி என் கையில் விழுந்தது. மூன்று வாரம் பையில் கிடந்ததால் அதில் மருந்து நாற்றம் வீசியது.

பரிசளிப்பும் அதன் பின்னரான தேநீரும் முடியும் தறுவாயில், குடையை உதறிக்கொண்டு முன்ஸிப் படியேறி வந்தார். பருத்தவர், மூச்சு வாங்கினார்.

"வண்டி கீழ நிக்கிது, கண்டன். நல்ல செவப்பு. சாவியத் தாங்களே, மழை இன்னும் கூட முந்திப் போயிருவம்."

தயானி எழுந்து நின்றாள். "நானா, மன்னிச்சிக்கங்க. வண்டி கொடுக்கிறதா இல்ல."

"என்ன மக சொல்ற? ஒரு கோல் எடுத்திரிக்கலாமே! பண்டாரவளையில இருந்து பஸ்ஸுல நின்டுட்டு வந்தன். போகக்குள்ள ஆட்டோவுல போகலாம்னுதான் நெனச்சன்!"

"எப்ப முடிவெடுத்த?" என்று அவரே தொடர்ந்து கேட்டார்.

"இப்பத்தான். ஒரு ராக்கெட்டுக்கு முந்தி வரைக்கும் ஒங்களுக்குத்தான் இருந்திச்சி."

முன்ஸிப் இதை விளங்கிக்கொள்ள முயன்றார். அவரது பார்வை என்மீதும், பின்னர் கண்களைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்த தினேஸ்மீதும் சென்றது.

"இவருக்கு என்ன? இவரும் அந்த வண்டியில போனவரா?"

"இல்ல நானா" என்றார் தினேஸ். "வண்டி பொறப்படுறதுக்கு முந்தியே இப்புடி ஆயிருச்சி."

வியாபாரி ஒருவரை வெறுங்கையோடு மழையில் அனுப்புதல் முறையன்று. ஆகவே அவரை பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விடுவது என்று தீர்மானித்தோம். காமிலிடமும் றின்ஸாவிடமும் விடைபெற்றுக் கீழே இறங்கினோம். தினேஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, உலகம் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். பின் ஆசனத்தில் அவரும் தயானியும், நடுவில் முன்ஸிப்பும் நெருங்கி அமர்ந்தனர். நான் சாவியைத் திருகினேன். வண்டி இருமிற்று, இரண்டாவது தடவையில் உறுமிற்று.

கடைவீதி வழியாக மெதுவாகச் சென்றோம். பாதசாரிக் கடவையில் நிறுத்தி இருவருக்கு வழிவிட்டேன். பின்னால் தயானி ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பாத்து, பாத்து, இன்னும் கண்ணு டெஸ்ட் பண்ணல" என்றாள். முன்ஸிப் வண்டியின் ஒலியைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் விரல்கள் ஆசனத்தின் தையலைத் தடவிப் பார்த்ததைக் கண்ணாடியில் கண்டேன்.

பஸ் நிலையத்தில் பண்டாரவளைப் பஸ் புறப்படத் தயாராக நின்றது. முன்ஸிப் இறங்கினார். குடையை விரித்தார். விரித்த குடையுடன் குனிந்து, என்னைத் தாண்டித் தயானியிடம் கேட்டார்:

"கண்ணு டெஸ்ட் எப்ப மக?"

"செவ்வாக்கெழம."

"ஹரி, சரி. அப்ப புதன்கெழம காலையில ஒரு கோல் எடுக்கிறன்."

அவர் ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். தயானி பையின் வாயை இழுத்து மூடினாள். நான் சாவியை இறுகப் பற்றியவாறு, மழையினூடே நிலையத்தின் மணிக்கூட்டை வாசித்தேன். கண்ணாடி அணியாமலே வாசித்தேன். மாலை ஐந்து மணி பதினான்கு நிமிடம்.